சின்சேவிடம் போகுமுன் கேட்க வேண்டிய கணக்கு

சிங்கப்பூரில் முதுகு பிடித்துக்கொண்டால் இந்த வாரம் பலதுறை மருந்தகம், அடுத்த வாரம் சின்சே (சீன வைத்தியர்) என்று போவது சகஜம். பார்க்கும் கட்டணம் குறைவு, அதனால் சீன மருத்துவம் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். கட்டணம் ஒரு தடவைதான். மருந்து நாள் கணக்கு; செலவு ஏறுவது அங்கேதான். உட்கார்ந்ததும் கேளுங்கள்: ஒரு நாள் மருந்து எத்தனை வெள்ளி (டாலர்), எத்தனை நாள் குடிக்க வேண்டும், எது குறைந்தால் நிறுத்தலாம்? தயங்காமல் பதில் சொல்பவரிடம் மருந்து வாங்குங்கள். சின்சேக்களுக்குப் பதிவு கட்டாயம். அதற்கான சட்டம் 2000-இல் வந்தது. பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போகலாம்.

தனியார் சீன மருந்தகத்தில் பொதுவாகக் கைக்காசுதான். கம்பெனிக் காப்புறுதி தருமா என்பதை முன்பே விசாரியுங்கள். சின்சே தரும் எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) முதலாளி ஏற்கவேண்டுமென்று சட்டம் இல்லை. கையில் காசில்லாதவர்களுக்குத் தோங் சாய் என்ற சீன மருத்துவ நிலையம் இருக்கிறது. 1867-இல் தொடங்கியது, இனம் மதம் பார்ப்பதில்லை, வைத்தியமும் மருந்தும் இலவசம்.

வாங்கிய மருந்தை வீணாக்குவது அடுப்பங்கரையில். மண் சட்டியோ பீங்கானோ வேண்டும். இரும்பும் அலுமினியமும் ஆகாது. மூலிகைக்கு மேல் இரண்டு விரல் உயரம் பச்சைத்தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 30 நிமிடம். வடித்துவிட்டு, அதே சக்கையில் குறைந்த தண்ணீர் விட்டு இன்னொரு முறை காய்ச்சி, இரண்டையும் கலந்து காலை, மாலை எனப் பாதிப்பாதி குடிக்க வேண்டும். ஒரு முறை காய்ச்சியதோடு சக்கையைக் கொட்டினால் கொடுத்த காசில் ஒரு பங்கும் சேர்ந்தே போகிறது. சிப்பி ஓடு, கல் வகை இருந்தால் அவற்றை அரை மணி முன்பே போட வேண்டும். புதினாவைக் கடைசி ஐந்து நிமிடத்தில். எது முதலில், எது கடைசியில் என்று பொட்டலத்தின் மேலேயே எழுதி வாங்குங்கள். காய்ச்ச நேரமில்லையென்றால் வெந்நீரில் கரைக்கும் தூள் கிடைக்கும். அதன் விலையைத் தனியாகக் கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. திட்டுவார் என்று பயந்து டாக்டரிடம் சீன மருந்தை மறைக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் தான்ஷென் என்ற சீன மூலிகையைக் குடித்தால் ரத்தக் கசிவு ஏற்படலாம். ஹுவாங்லியன் என்ற மூலிகை வகைக்கு 1978-இல் இங்கே தடை வந்ததே பச்சைக் குழந்தைகளின் மஞ்சள்காமாலையால்தான். தடை பின்னர் நீங்கினாலும், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அது வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டாம். சின்சே எழுதிய சீட்டைப் போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையைச் சின்சேவிடமும் காட்டுங்கள்.