வெள்ளரிக்காயின் தண்ணீர்

சென்ற ஆண்டு தீபாவளி மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா, நான் பெருமையோடு நீட்டிய தட்டிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்தபோது, அதன் அடி ரொட்டி அப்படியே பிய்ந்து அவர் விரலோடு ஒட்டிக்கொண்டது. “ஏம்மா, ரொட்டியைத் தண்ணியில நனைச்சா வச்சிருக்க?” என்று அவர் கேட்டது ஏளனமாக அல்ல, உண்மையான சந்தேகத்தில்தான். வெள்ளரிக்காயைச் சீவிய கையோடு ரொட்டியில் அடுக்கி, காலையிலிருந்தே குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தேன். வெள்ளரிக்காயின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கத்தான் மறந்துபோனேன்.

சென்ற சனிக்கிழமை எட்டுப் பேர் தேநீருக்கு வருவதாக இருந்ததால், அதே பண்டத்தை மீண்டும் செய்து பார்த்தேன். சிங்கப்பூரில் எங்கள் தேக்கா சந்தையில் நாட்டு வெள்ளரிக்காய் தாராளமாகக் கிடைத்தாலும், விதை குறைந்து, தோல் மெலிந்து, சீவினால் வட்டம் குலையாமல் இருக்கும் ஜப்பானிய வெள்ளரிக்காயே இதற்குப் பொருந்தும்; இரண்டு காய் போதுமானது. வாழைக்காய் சீவுகிற கட்டையில், விளக்கொளி ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லிதாகச் சீவி, அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, வடிதட்டில் இருபது நிமிடம் விட்டேன். உப்பு காய்க்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும் என்பதால், முதலில் விறைப்பாக நின்ற வட்டங்கள் கொஞ்சங்கொஞ்சமாகத் துவண்டு ஒன்றன்மேல் ஒன்று படிந்தன; அடியில் வைத்த கிண்ணத்தில் வெளிர்பச்சையாக இரண்டு மேசைக்கரண்டி நீர் சேர்ந்திருந்தது. போன ஆண்டு பெரியம்மாவின் விரலில் ஒட்டியது இதுதான். பிறகு வட்டங்களைத் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியை வைத்து அழுத்தி ஒற்றியெடுத்தேன்.

டப்பாவில் வரும் குழைவான வகையைவிடக் கட்டியாக வரும் கிரீம் சீஸ்தான் நல்லது. மேல்நாட்டுச் செய்முறைகளில் அதை ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்வார்கள். நம் ஊர்ச் சூட்டில் கால்மணி நேரத்திலேயே அது இளகிவிடும். 250 கிராம் கட்டியில் வெள்ளை மிளகுத்தூளும், பொடியாக அரிந்த புதினாவும், எலுமிச்சைத் தோலின் துருவலும் சேர்த்தேன். சாற்றைப் பிழிந்தால் சீஸ் நீர்த்துப்போகும், ஆகவே தோல் மட்டும்தான். பச்சைமிளகாய் போடலாமா என்று கை துறுதுறுத்தது. போட்டால் வெள்ளரிக்காயின் மெல்லிய மணம் காணாமல் போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன்.

இரண்டு ரொட்டித் துண்டுகளிலுமே, ஓரம் வரைக்கும் இடைவெளியில்லாமல் சீஸைத் தடவ வேண்டும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். அதிலுள்ள கொழுப்பு, எஞ்சிய ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் சுவராக நிற்கிறது. பதினாறு துண்டுகளில் எட்டு சாண்ட்விச். ஓரங்களை அடுக்கிய பிறகே வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்று பட்டைகளாக்கினால் இருபத்துநான்கு.

முன்கூட்டியே செய்து குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், ரொட்டியின் மாவுச்சத்து குளிரில் இறுகி, வெளியில் இருப்பதைவிட விரைவாகவே பழசாகிவிடுகிறது. குளிரூட்டி ஓடும் அறையில் திறந்து வைத்தாலோ ஓரங்கள் காய்ந்து சுருளும். ஆகவே விருந்தினர் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு அடுக்கி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மூடிவைத்தேன். பால் பொருள் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை. வைக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. பெரியம்மா மூன்றாவது பட்டையை எடுக்கும்முன் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வெட்டிய ஓரங்களை மறுநாள் நெய்யில் வறுத்துத் தக்காளி சூப்பில் போட்டோம். கிண்ணத்தில் வடிந்த உப்புநீரை அம்மா அன்றைக்கே மோரில் ஊற்றிக் குடித்துவிட்டார்.