பின் சீட்டுல ஆள் உக்காந்தா உரசுமாம்

எங்கூட்டுக்காரரோட ஆடி டிடி காரப் பத்தி நான் ஏற்கனவே நெறைய பொலம்பியாச்சு, அதனால அது எப்படி வந்துச்சு, யாரு இவரு தலைல கட்டுனாங்க, மாடில ரூம் எடுக்க வெச்சிருந்த காசு என்னாச்சுங்கிற கதையெல்லாம் மறுபடி வேண்டாம். நேத்து ஞாயித்துக்கெழமை அதுக்கு புது வீல் மாட்டப் போனோம். போனோம்னா, அவரு வீல் மாட்ட, அத்தை பேரூர் கோயிலுக்கு, நான் அத்தைக்குத் தொணைக்கு. எல்லாம் ஒரே பெட்ரோல்ல முடிஞ்சிருமாம், சிக்கனமாம்.

அந்தக் கார்ல பின் சீட்டுங்கிறது ஆர்சி புக்குக்காக வெச்சது. நான் அதுல உக்காந்தா முட்டி தாவாக்கட்டைல இருக்கும், தலை பின் கண்ணாடில இருக்கும், புடவை எங்க இருக்கும்னு எனக்கே தெரியாது. அத்தை முன்னாடி. மத்த கார்ல எல்லாம் ஏறுவாங்க, இதுல மட்டும் எறங்குவாங்க, கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி ஒரு கைய கூரைல புடிச்சு "முருகா"ன்னுட்டே. வடவள்ளில இருந்து வர்ற வழில பைப் லைனுக்குத் தோண்டி மூடாம மூடி வெச்ச குழி ஒவ்வொண்ணுக்கும் அத்தை ஒரு முருகா, நான் ஒரு ஐயோ. இவரு மட்டும் "சஸ்பென்ஷன் ஸ்டிஃப்பா இருக்கறதுதான் அம்மா இதோட ப்ளஸ்"ங்கிறாரு.

புது வீலு 19 இஞ்ச். தங்கக் கலரு. வாங்கும்போது என்கிட்ட கேக்கல. கர்ட்டன் துணிக்கு மூவாயிரம் கேட்டா மூணு கடை ஏறி எறங்க வெச்சு கொட்டேஷன் கேக்கற மனுசன், இதுக்கு மட்டும் வாட்ஸப்ல ஒரு போட்டோவ பாத்துட்டு ஜீபே பண்ணிட்டாரு. கடைக்காரத் தம்பி சொன்னானாம், "பிசிடி 5க்கு 112, உங்க வண்டியும் 5க்கு 112, அப்படியே உக்காந்துக்கும்ங்ணா"ன்னு. அஞ்சு போல்ட்டும் உக்கார்ற வட்டம் ஒண்ணா இருந்தா வீலே ஒண்ணாயிருமாம். ஃப்ரீ சைஸ் நைட்டி எல்லாருக்கும் பத்தும்னு சொல்ற மாதிரிதான். இருபது வருசமா தையக்கட வெச்சிருக்கறவகிட்ட வந்து இந்தக் கதைய சொல்லக்கூடாது.

கடைல ஜாக்கி போட்டு பழைய வீல கழட்டுனாங்க. புதுச வெச்சாங்க. வெச்சதும் நடுவுல பாத்தா, வண்டியோட ஹப்பு (வீலு போயி உக்கார்ற நடுக் குமிழு) ஒரு சைஸு, வீலோட நடு ஓட்டை வேற சைஸு, என் சுண்டுவெரலு நொழையற மாதிரி சுத்தி சந்து. டிடிக்கு ஹப்பு 57.1 மில்லி. வெளில விக்கிற வீலு எல்லா வண்டிக்கும் ஆகட்டும்னு 73.1ல ஓட்டை போட்டு வருது. நடுவுல ஒரு ரிங்கு போட்டு அடைக்கணும், இல்லைன்னா வீலு சரியா நடுவுல உக்காராது, எம்பதுல போகும்போது ஸ்டியரிங்கு கடகடன்னு ஆடும். இது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, ராத்திரி பதினோரு மணிக்கு பக்கத்துல படுத்துட்டு ஸ்பீக்கர்ல யூட்யூப் பாக்கற ஆளக் கட்டிக்கிட்டா எல்லாமே தெரியும். "ரிங்கு?"ன்னு கேட்டேன். தம்பி என்னைப் பாக்கவே இல்ல, இவரப் பாத்து, "அக்காவுக்கு விசயம் தெரியுதுங்ணா"ன்னு சொல்லிட்டு உள்ள போயி பிளாஸ்டிக் ரிங்கு எடுத்துட்டு வந்தான். அப்ப இருந்துச்சு பாருங்க, கேட்டாத்தான் வருது.

டயர் சைடுல பாத்தா கடைசி நாலு நம்பரு 2321. 2021ல 23வது வாரம் செஞ்சது. "புதுசுங்ணா, ஓடவே இல்ல"ங்கிறான். ஓடலதான், குடோன்ல தூங்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு ஒரு அரை மணி நேரம் வாய்த்தகராறு, அத நான் எழுதல.

எல்லாம் மாட்டி எறக்குனாங்க. ஒண்ணு சொல்லணும், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. இவரு நாலு பக்கமும் சுத்தி வந்து போட்டோ எடுத்து செட்டிப்பாளையம் ரேஸ் ட்ராக் கோஷ்டிக்கு அனுப்புனாரு (அந்த ட்ராக்குல இவரு ஓட்டுனதில்ல, கேலரில உக்காந்து பாத்திருக்காரு). தம்பி ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுக் காட்டுனான், உரசல. வெளில ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தான், உரசல. "பாத்தீங்களாங்ணா"ன்னான்.

அப்பறம் நாங்க ஏறுனோம். கடை வாசல்ல சாக்கடை மேல போட்ட சிலாப்புல எறங்குச்சு வண்டி. பின்னாடி என் இடுப்புக்குக் கீழ இருந்து சர்ர்ர்ருன்னு ஒரு சத்தம், தகர முறத்துல ஆணியால கீறுனா வருமே, அந்த மாதிரியும் இல்ல, அதுக்கும் மேல. நிறுத்திட்டு எல்லாரும் எறங்கிப் பாத்தா டயரோட தோள்ல ஒரு கோடு, மட்கார்டோட உள் விளிம்பு கிழிச்சது.

தம்பி குனிஞ்சு பாத்தான். நிமிந்து என்னப் பாத்தான். "அக்கா பின்னாடி உக்காந்ததாலதாங்ணா. ஆள் உக்காரலைன்னா உரசாது."

சொல்லிட்டான். நடு ரோட்டுல. பக்கத்துல பஞ்சர் போட வந்தவர் வேற, என்னை ஒரு தடவை மேல இருந்து கீழ பாத்து எடை போட்டுட்டு, ஆமான்ற மாதிரி தலையாட்டுனாரு. அதவிட என் வீட்டுக்காரர் ஒரு செகண்டு யோசிச்சாரு பாருங்க, அதத்தான் நான் மன்னிக்கறதா இல்ல. வீல மாத்தலாமா, பொண்டாட்டிய மாத்தலாமான்னு கணக்குப் போட்ட மூஞ்சி அது.

கைப்பைல இருந்து இஞ்ச் டேப்ப எடுத்தேன். பழைய வீலத் திருப்பிப் பாத்தா உள்பக்கம் 9ஜே, ஈடி 52ன்னு அச்சு, 9ஜேன்னா 9 இஞ்ச் அகலம். புதுசு 9.5ஜே, ஈடி 35. அத்தை கார்ல இருந்தே, "ஏங்கண்ணு, ஈடியா? நம்மகிட்ட என்ன இருக்குனு ஈடி வருது?"ன்னாங்க. அது வேறைங்க அத்தை, இது வீலோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டுற எடம் எத்தன மில்லி வெளில தள்ளி இருக்குங்கற கணக்குன்னு சொல்லிட்டு தம்பிக்குக் கணக்கு சொன்னேன். அரை இஞ்ச் அகலம் கூடுனா பாதி வெளில, பாதி உள்ள, அதுல ஒரு 6 மில்லி வெளில வருது. ஈடி 52ல இருந்து 35க்கு எறங்குனா வீலு மொத்தமா இன்னொரு 17 மில்லி வெளில தள்ளுது. ஆக 23. அங்க கேப்பே அவ்வளவு இல்லடா சாமி. இதுல என் வெயிட்டு எங்க வந்துச்சு? ரெண்டு மூட்டை அரிசி வெச்சாலும் உரசும். நல்ல குழில எறங்குனா ஆளே இல்லாமயும் உரசும்.

"விளிம்ப சூடு பண்ணி உள்ள மடிச்சு விட்டுரலாம்ங்ணா, எல்லாரும் அதான் பண்றாங்க"ன்னான் அசராம. கம்பெனில பண்ணுன பெயிண்டுக்கு ஹீட் கன்னு வெக்கறதுன்னதும்தான் இவருக்கு உசுரு வந்துச்சு. பழசையே மாட்டச் சொல்லிட்டாரு. கழட்டி மாட்டுற வரைக்கும் அத்தை ஸ்டூல்ல உக்காந்துட்டு அவங்க ஊரு கட்டவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்ட கதைய ஆரம்பிச்சாங்க. ஆசாரி ஒரு சின்ன இரும்புச் சக்கரத்த எடுத்து மரச்சக்கரத்து விளிம்பு மேலயே உருட்டி எத்தன சுத்து வருதுன்னு எண்ணுவாராம், அப்பறம் இரும்புப் பட்டாவுக்கு உள்ளயும் அதே மாதிரி உருட்டுவாராம். பட்டா கொஞ்சூண்டு சின்னதா இருக்கணும், சாணி வரட்டி அடுக்கி நெருப்புல பழுக்கக் காய்ச்சுனா விரியும், அப்படியே தூக்கிப் போட்டு தண்ணி ஊத்துனா சுருங்கி இறுக்கிப் புடிச்சுக்கும். "அளக்காம ஒரு நாளும் நெருப்பு மூட்ட மாட்டாருங் தம்பி"ன்னு கடைத் தம்பிகிட்டயே சொல்றாங்க. அவன் "சரிங்க ஆத்தா"ன்னுட்டு போனப் பாத்துட்டு இருந்தான். பணத்தத் திருப்பித் தர முடியாதாம், மாட்டுன பொருளாம்.

கோயில் நடை சாத்திட்டாங்க. அது தனி.

ராத்திரி இவரு மொட்டமாடில போன் பேசிட்டு இருந்தாரு. துணி எடுக்கப் போனேன், ஒட்டுக்கேக்கல, காதுல விழுந்துச்சு. யாரோ இதே டிடிக்கு வந்த ஒரிஜினல் 17 இஞ்ச் வீலு விக்கறாங்களாம், 245/45 டயரு. "ரப்பரு ஒயரமா இருக்குமில்லீங்க? 110 மில்லி வருதுங்களா? 19ல 89தான் வருது... இல்லீங்க, அம்மாவுக்கு இடுப்பு ஒத்துக்க மாட்டேங்குது, ஒவ்வொரு குழிக்கும் மூஞ்சி சுருங்குது, பக்கத்துல உக்காந்து பாக்க முடியலீங்க." அப்படின்னாரு. காலைல கோஷ்டிக்குப் போட்ட மெசேஜ நானும் பாத்தேன். "ட்ராக்குக்கு 17தான்டா பெஸ்டு, வெயிட் கம்மி." அம்மான்னு ஒரு வார்த்தை இல்ல.

சரி, போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா அந்தத் தங்க வீலு நாலும் இப்ப எங்க இருக்குங்கறீங்க? என் தையல் ரூம்ல, கட்டிங் டேபிளுக்கு அடில. கால நீட்ட எடமில்ல. விக்கப் போட்டதுல ஒருத்தர் கார் பேரக் கூடச் சொல்லாம "லாஸ்ட் எவ்ளோ"ங்கிறாரு, ஒருத்தர் இன்னோவாவுக்கு ஆகுமாங்கிறாரு, அதுக்கு போல்ட் வட்டமே வேற. சாயங்காலம் ஸ்கோடா லாரா கார் வெச்சிருக்கற ஒருத்தர் நேர்ல வந்தாரு. அவருக்கு 5க்கு 112தான், ஹப்பும் 57.1தான். தடவித் தடவிப் பாத்தாரு, காசு வரைக்கும் பேசியாச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம். "பின்னாடி ஆள் உக்காருவாங்களாங்க?"ன்னேன். மாமனார், மாமியார், ரெண்டு கொழந்தைங்கன்னாரு. டேப்ப எடுத்துட்டு அவரு கார்கிட்ட போயிட்டேன்.

ஆளு டீயக் குடிச்சுட்டு கும்புட்டுட்டுப் போயிட்டாரு. இவரு கேட்டாண்டையே நின்னுட்டு, "உன்ன யாரு அளக்கச் சொன்னா?"ங்கிறாரு. நேத்து கடைல கேக்க வேண்டிய கேள்விய இன்னைக்கு என்கிட்ட கேக்கறாரு. அத்தைக்கு மட்டும் ரெண்டு தோசை ஊத்திக் குடுத்துட்டு நான் படுத்துட்டேன், மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு, தெரிஞ்சா ஊத்திக்கட்டும்.