மாட்டு வண்டியின் பதிவு எண்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குச் செய்தி மடல் ஒன்று வேண்டும் என்ற எண்ணம், நூலகர் ஐயா வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றிலிருந்து திரும்பிய அன்று காலை பத்தேகால் மணிக்கு உதித்தது. பத்தரை மணிக்கு நான் அதன் ஆசிரியராகிவிட்டேன். இடைப்பட்ட கால் மணி நேரத்தில் நடந்தது இவ்வளவுதான்: "இங்கே பிழையில்லாமல் தமிழ் எழுதக்கூடியவர் யார்?" என்று அவர் கேட்டார், முந்தைய மாதம் நான் எழுதிக்கொடுத்த இரங்கல் தீர்மானத்தில் சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை என்பதை யாரோ ஒரு புண்ணியவான் நினைவில் வைத்திருந்தார்.

மடலுக்கு நான்கு பக்கங்கள் என்று முடிவாயிற்று. முதல் பக்கம் நூலகரின் வாழ்த்துச் செய்திக்கு. இரண்டாம் பக்கம் புதிதாக வாங்கிய நூல்களுக்கு. மூன்றாம் பக்கம் பணியாளர் செய்திகள். நான்காம் பக்கம் சமுதாயப் பணிகள். முதல் இதழ் 2024 ஆகஸ்ட் 12 அன்று, அதாவது இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளாகவும் தேசிய நூலகர் நாளாகவும் கொண்டாடப்படும் நாளில், வெளிவர வேண்டும் என்பது கட்டளை. முதல் இரண்டு பக்கங்களும் ஒரே மாலையில் நிரம்பிவிட்டன. மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோதுதான், முப்பது பேர் வேலை செய்யும் ஓர் இடத்தில் செய்தி என்று எதுவுமே நடப்பதில்லை என்ற உண்மை எனக்குப் புலப்பட்டது.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பிரிவு பிரிவாகச் சென்றேன். பருவ இதழ்ப் பிரிவில், மூன்று ஆண்டுகளாக ஓடாத ஏர்கூலர் சென்ற வாரம் ஓடியது என்றும், ஓடிய இரண்டாம் நாள் நின்றுவிட்டது என்றும் தெரிவித்தார்கள். நூல் கொள்முதல் பிரிவில் இருப்பவர், தம் பேத்தி எல்.கே.ஜி.யில் மாறுவேடப் போட்டியில் பாரதியாராக நின்று பரிசு வாங்கியதைப் புகைப்படத்துடன் கொடுத்தார். பைண்டிங் பிரிவு அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சும்போது மயில் துத்தம் எவ்வளவு சேர்த்தால் பசையில் பூச்சி விழாது என்ற பக்குவத்தைச் சொன்னார். இது பணியாளர் செய்தியா என்று எனக்கு ஐயம் ஏற்பட்டது. ஆனால் நான் சேகரித்தவற்றிலேயே வாசகருக்கு உருப்படியாகப் பயன்படக்கூடியது அது ஒன்றுதான் என்பதால், பெட்டிச் செய்தியாக்கிவிட்டேன்.

மீதி இடத்தைப் பணியாளர் பெயர்ப் பட்டியலால் நிரப்பலாம் என்று நினைத்தது என் முதல் பிழை. எந்த வரிசையில் போடுவது? பதவி வரிசையில் போட்டால் கடைசியில் வருகிறவர்கள் முகம் வாடும். பணிமூப்பு வரிசையில் போட்டால் ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கொன்றுக்கு நாமே சான்று கொடுத்ததாகிவிடும். அகரவரிசைதான் நியாயம் என்று நூற்பகுப்புப் பிரிவில் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் அகரவரிசையைத் தலைப்பெழுத்திலிருந்து தொடங்குவதா, பெயரிலிருந்தா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. ஆங்கில-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பை எடுத்துவந்து, குடும்பப் பெயர் இல்லாத தமிழர்களை அவரவர் சொந்தப் பெயரில்தான் பதிய வேண்டும் என்ற விதியைக் காட்டினார்கள். "ரங்கநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள், எஸ் என்பது சீர்காழி என்ற ஊர், அந்தக் காலத்தில் ஷியாளி என்று எழுதினார்கள், ஆர் என்பது அப்பா ராமாமிர்தம், ரங்கநாதன் மட்டும்தானே அவர்!" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். விதிப்படியே பட்டியல் போட்டேன். அலுவலக உதவியாளர் முதலிடத்திலும், வகர வரிசையில் பெயர் தொடங்கும் நூலகர் ஐயா இருபத்தொன்பதாம் இடத்திலும் வந்தார்கள். ஐயா அதை நிதானமாகப் படித்துவிட்டு, "விதி நூல்களுக்குச் சரி" என்று மட்டும் சொன்னார். பட்டியல் நீக்கப்பட்டு, அந்த இடத்தில் பாரதியார் வேடமிட்ட பேத்தியின் படம் பெரிதாக்கப்பட்டது.

நான்காம் பக்கத்தின் நிலைமை இதைவிட மோசம். அந்த ஆண்டு நூலகம் செய்த சமுதாயப் பணி என்று கோப்புகளைத் தேடியதில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. நாட்டு நலப்பணித் திட்டத்தினர் நடத்திய இரத்ததான முகாமுக்கு நாங்கள் நாற்பது நாற்காலிகள் கொடுத்திருந்தோம். அவற்றில் முப்பத்தெட்டு திரும்பி வந்திருந்தன. இதை வைத்து ஒரு பக்கம் எழுத முடியாது. ஆகவே, செய்தி இல்லையென்றால் செய்தியை உண்டாக்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானித்தோம். 1931-ஆம் ஆண்டில் ரங்கநாதனின் முயற்சியால் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் போனதல்லவா, அதே காவிரிப் படுகையில் இருக்கும் நாமும் நூலகர் நாளன்று ஒரு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போகலாம் என்று யோசனை சொன்னவர் யார் என்பது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இல்லை. குறிப்பு எழுதியவன் நான்தான் என்பதால் அது இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

1931-இல் எளிதாகக் கிடைத்த மாட்டு வண்டி 2024-இல் கிடைக்கவில்லை. நான்கு நாள் அலைந்து ஆற்றோரத்தில் மணல் ஏற்றும் டயர் வண்டி ஒன்றைப் பிடித்தோம். வண்டிக்காரர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: வாடகை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், பதினொரு மணிக்கு மேல் வெயிலில் மாடு நடக்காது. எங்கள் அலுவலகமோ பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆக, நூலக வரலாற்றிலேயே முதன்முறையாக, மாடுகளின் வசதியை முன்னிட்டு ஆறு பணியாளர்கள் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்தார்கள்.

வண்டியில் 212 நூல்களை ஏற்றினோம். மணல் வாடை போவதற்காகச் சாக்கு விரித்து, அதன் மேல் தார்ப்பாய் விரித்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். வாழைக்கன்றைக் கட்டியது இரண்டாவது பிழை. கிராமத்து எல்லையை அடைவதற்குள் அது மாடுகளுக்குக் காலை உணவாகிவிட்டது. முன்னால் இருக்க வேண்டிய மாடு பக்கவாட்டில் கட்டிய கன்றை எப்படி எட்டியது என்று நீங்கள் கேட்கலாம். புறப்படுவதற்கு முன் வாழ்த்துரை நாற்பது நிமிடம் நடந்தது. அதுவரை மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. அந்த உரையில் ஐயா, 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்த ரங்கநாதன், சில நாட்களிலேயே அந்தத் தனிமையும் சும்மா இருப்பதும் தாங்காமல், தாம் கணிதம் நடத்திய மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டதையும், லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய் என்று அவரை அனுப்பிவைத்ததையும் உருக்கமாகச் சொன்னார். "வேலை இல்லையே என்று அழுத ஆளும் இந்தத் துறையில் இருந்திருக்கிறார் பாருங்கள்" என்று பைண்டிங் அண்ணன் என் காதருகில் சொன்னார்.

கிராமத்தின் முதல் தெருவில் வண்டி நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பெரியவர்கள் யாரையும் காணவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒரு பாட்டி, கயிற்றால் கட்டிய பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வண்டியையும் நூல்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கிலோ என்ன விலைக்கு எடுக்கிறீங்க?"

நாங்கள் பழைய பேப்பர்க்காரர்கள் அல்லர் என்றும், பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறோம் என்றும், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான் நூலக அறிவியலின் முதல் விதி என்றும் கண்காணிப்பாளர் அம்மா பொறுமையாக விளக்கினார். பாட்டியும் அதே பொறுமையோடு கேட்டுவிட்டு, "அது சரிம்மா, போன மாசம் வந்தவன் பதினாலு கொடுத்தான்" என்றார். அதற்குள் மற்ற வீடுகளிலிருந்தும் கட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. பழைய பாடநூல்கள், நோட்டுகள், வார இதழ்கள், ஒரு வீட்டிலிருந்து பிரஷர் குக்கர்கூட வந்தது. வேண்டாம் என்று சொன்னால் படிப்பறிவை மதிக்காதவர்கள் ஆகிவிடுவோமோ என்ற தயக்கத்தில் சிலவற்றை நன்கொடை என்று சொல்லி வாங்கிக்கொண்டோம். காசு எங்கே என்று கேட்டவர்களுக்கு ஐயா தம் சட்டைப் பையிலிருந்து கொடுத்தார். குக்கரை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பிள்ளைகள் தார்ப்பாயின் மீது ஏறி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் யாரையும் கவனிக்காமல் படித்தார்கள். இறங்கச் சொன்னபோது இறங்கவில்லை. மாடுகள்தாம் பதினொரு மணி ஆனதை உணர்ந்து தாமாகவே வண்டியைத் திருப்பின.

நூலகத்துக்கு வந்து எண்ணிப் பார்த்ததில் 212 நூல்கள் 249 ஆகியிருந்தன. நூல் தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் விதி இருக்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைந்தால், அதில் நாணயக் குறைவோ கவனக் குறைவோ இல்லாத பட்சத்தில், ஏற்றுக்கொள்ளலாம் என்கின்றன. எங்கள் பக்கத்துத் தணிக்கைக்காரர்களும் அதையே மேற்கோள் காட்டுவார்கள். நூல் கூடினால் என்ன செய்வது என்பதற்கு எந்த விதியிலும் ஒரு வரிகூட இல்லை.

கூடிய முப்பத்தேழைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த பைண்டிங் அண்ணன் திடீரென்று, "இது நம் தையல்" என்றார். அட்டையைத் தடவிப் பார்த்தே சொன்னார். நூற்பட்டியல் தயாரிப்பு பற்றிய பாடநூல் அது. முதல் பக்கத்தைக் காணவில்லை. பல நூலகங்கள் தமக்கென்று ஒரு ரகசியப் பக்கத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு நூலிலும் அந்தப் பக்கத்தில் முத்திரை குத்திவைப்பது வழக்கம். எங்கள் பக்க எண் என்ன என்பதை இங்கே சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தைப் புரட்டினோம். எங்கள் முத்திரை பளிச்சென்று இருந்தது. பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தேதித் தாளில் கடைசியாகக் குத்தப்பட்ட கெடு 1988 மார்ச் 14.

கண்காணிப்பாளர் அம்மாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நூல் வழங்கும் பிரிவில் அவர் ஒரு நாள் தாமதத்தையும் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. கால்குலேட்டரை எடுத்து, நாளுக்கு ஒரு ரூபாய் வீதம், லீப் ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்: 13,300 நாட்கள், 13,300 ரூபாய். நூலின் விலை முப்பத்தைந்து ரூபாய். இதை எடுத்துப் போன படுபாவி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமாக இராது என்று நான் சொன்னேன். நூற்பட்டியல் தயாரிப்பு பற்றிய பாடநூலை வேறு துறையில் யாரும் தொடுவதில்லை. 1988-இல் இங்கே நூலக அறிவியல் படித்தவர்கள்தாம் எடுத்திருக்க முடியும். அந்த வகுப்பில் படித்தவர்கள் மூன்று பேர் இன்றும் இதே நூலகத்தில் பணியில் இருக்கிறார்கள். சொல்லி முடித்த பிறகுதான், அந்த மூவரில் ஒருவர் கண்காணிப்பாளர் அம்மா என்பதும், இன்னொருவர் எதிரில் அமர்ந்திருக்கும் நூலகர் ஐயா என்பதும் எனக்கு உறைத்தது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா கால்குலேட்டரை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பழைய நூல், பழைய காலம், விட்டுவிடலாம் என்று ஐயா சொன்னார். மூன்றாமவர் அன்று பிற்பகல் அரை நாள் விடுப்பில் போனார். மறுநாள் காலை, நூலகர் நாளை முன்னிட்டு ஆகஸ்ட் மாதம் முழுவதும் தாமதக் கட்டணம் தள்ளுபடி செய்யப்படுகிறது என்று சுற்றறிக்கை வந்தது. மடலின் மூன்றாம் பக்கத்தில் வைப்பதற்கு எனக்கு முதன்முறையாக உண்மையான ஒரு பணியாளர் செய்தி கிடைத்திருந்தது. அதை வெளியிடும் துணிச்சல்தான் கிடைக்கவில்லை. அறிவித்த நாளுக்கு ஒரு வாரம் கழித்து வெளிவந்த மடலில் தள்ளுபடி அறிவிப்பும் மைதாப் பசையும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் இடம்பெற்றன.

வண்டி வாடகை பில்லை நிதிப் பிரிவுக்கு அனுப்பினேன். இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தது: "வாடகை வாகனத்தின் பதிவு எண் குறிப்பிடப்படவில்லை." இது மாட்டு வண்டி, ஆகவே பதிவு எண் கிடையாது என்று பணிவுடன் எழுதினேன். "பதிவு எண் இல்லாத வாகனத்துக்கு வாடகை அனுமதிக்க விதியில் இடமில்லை" என்று மீண்டும் வந்தது. வண்டிக்காரரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். அவர் சிறிது யோசித்து, மாட்டின் காதைக் காட்டினார். கோமாரித் தடுப்பூசி போட வந்தவர்கள் மாட்டிவிட்டுப் போன மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. அதில் பன்னிரண்டு இலக்க எண். மாட்டுக்கு ஆதார் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு மாடுகளின் எண்களையும் குறித்துக்கொண்டு வந்து, வாகன எண் என்ற கட்டத்தில் நிரப்பி அனுப்பினேன்.

இந்த முறை பில் விரைவாகவே வந்தது. பச்சை மையில் ஒரே ஒரு வினா: "ஒரு வாகனத்துக்கு இரண்டு எண்கள் கொடுக்கப்பட்டுள்ளன. எது சரியானது என்று தெளிவுபடுத்தவும்."

நூலகர் ஐயாவிடம் கோப்பை வைத்தேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, நூற்பட்டியலில் ஒரே நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் முதலில் வருபவர் பெயரில்தானே பதிவோம், அதைப்போலவே செய்யுங்கள் என்றார். நுகத்தடியில் முதலில் வருவது எது என்பதில் பைண்டிங் அண்ணனுக்கும் எனக்கும் சிறு கருத்து வேறுபாடு ஏற்பட்டு, கடைசியில் இடப்பக்கத்து மாட்டின் எண்ணைத் தக்கவைத்து மற்றதை அடித்துக் கையொப்பமிட்டேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் பணம் வந்தது. அதைக் கொடுக்கப் போனபோது தொழுவத்தில் ஒரு மாடுதான் நின்றது. இடத்து மாட்டைக் கார்த்திகையிலேயே விற்றுவிட்டதாக வண்டிக்காரர் சொன்னார்.

நிதிப் பிரிவுக்கு இதை நான் இதுவரை தெரிவிக்கவில்லை.