டாங்கிளின் அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள்

யுஎஸ்பி வைஃபை டாங்கிள் (கணினியில் செருகி வைஃபை பெறும் சிறு கருவி) லினக்ஸில் ஓடுமா என்பதை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் சிப்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் நல்ல உதாரணம். அதன் முதல் பதிப்பில் ஏத்தரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, செருகினால் போதும். இரண்டாம் பதிப்பில் அதே பெயரில் ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ் வந்துவிட்டது. பழைய பரிந்துரையைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர் கையில் வேறொரு பொருள்தான் கிடைக்கும்.

ஆகவே முதல் வேலை சிப்பை அடையாளம் காண்பது. டாங்கிளைச் செருகிவிட்டு, கட்டளை அடிக்கும் டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி என்று அடியுங்கள் (எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி இல்லை). ஒவ்வொரு வரியிலும் நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, மீண்டும் நான்கு இலக்கம் என்று ஓர் எண் வரும். முன்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும், பின்பாதி பொருளை. 148எஃப்:7601 என்றால் மீடியாடெக் எம்டி7601யு. 0சிஎஃப்3:9271 என்றால் மேலே சொன்ன ஏத்தரோஸ். 0பிடிஏ என்று தொடங்கினால் ரியல்டெக்; கொஞ்சம் பொறுமை தேவைப்படலாம்.

அதிலும் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் கணினி இன்னும் வைஃபையைப் பார்க்கவே இல்லை. விண்டோஸ் டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும் டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவ் வேடத்தில்தான் வந்து நிற்கும். யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள் தொகுப்பை நிறுவிவிட்டு டாங்கிளைக் கழற்றிச் செருகுங்கள். அவசரத்துக்கு, ஃபைல் மேனேஜரில் தெரியும் அந்தச் சிடியை எஜெக்ட் செய்தாலே பல டாங்கிள்கள் வேடம் கலைந்துவிடும். எல்எஸ்யுஎஸ்பியை மறுபடி ஓட்டினால் எண் மாறியிருக்க வேண்டும். இந்தப் படி தெரியாமல் டிரைவரைத் தேடி அலைபவர்கள் நிறையப் பேர்.

இணையமே இல்லாத கணினியில் தொகுப்பை எப்படி நிறுவுவது? ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைப் பகிரும் வசதி) ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம்.

அடுத்து கெர்னல், அதாவது லினக்ஸின் மையக்கரு. யுநேம் -ஆர் கட்டளை பதிப்பைச் சொல்லும். எம்டி7601யு டிரைவர் 4.2 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எம்டி7610யு, எம்டி7612யு இரண்டும் 4.19 முதல், எம்டி7921யு 5.18 முதல். ரியல்டெக்கில் ஆர்டிஎல்8821சியு, ஆர்டிஎல்8812பியு போன்றவை 6.2-இல்தான் உள்ளே வந்தன, ஆர்டிஎல்8812ஏயு 6.14 வரை காத்திருந்தது. புதிதாக வாங்குபவர் மீடியாடெக் சிப் உள்ளது எது என்று பார்த்து வாங்கினால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

டிரைவர் இருந்தும் வைஃபை வரவில்லையா? சுடோ (நிர்வாகி உரிமை தரும் முன்சொல்) போட்டு டிமெசெஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி) கட்டளையை ஓட்டிக் கடைசிச் சில வரிகளைப் பாருங்கள். ஃபர்ம்வேர் (சிப்பில் ஏற்ற வேண்டிய மென்பொருள்) ஏற்றுவது தோற்றது, எரர் -2 என்று இருந்தால், அந்தக் கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். டிரைவரின் மேல் பழி போட வேண்டாம். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்தால் போதும். டெபியன் 12-இல், தொகுப்புகள் வரும் இடங்களைச் சொல்லும் சோர்சஸ் பட்டியலில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக், எம்டி7601யு-வுக்கு ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ நிறுவுங்கள்.

கெர்னலில் டிரைவரே இல்லாத சிப்புக்கு மட்டும் கிட்ஹப்பில் கிடைக்கும் மூலநிரலை எடுத்துக் கம்பைல் செய்வது, அதாவது ஓடக்கூடிய டிரைவராக மாற்றுவது. இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பில்ட்-எசென்ஷியல் (கம்பைல் கருவிகள்), டிகேஎம்எஸ் (புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி கம்பைல் செய்வது), ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கே உரிய ஹெடர்ஸ் மூன்றும் வேண்டும். டிகேஎம்எஸ் இல்லாமல் நிறுவினால் அடுத்த கெர்னல் அப்டேட்டோடு வைஃபை காணாமல் போகும். டிகேஎம்எஸ் இருந்தாலும், மூலநிரல் பழையதாக இருந்தால் புதுக் கெர்னலில் கம்பைல் ஆகாமல் நிற்கும். அப்போது பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். அதனால் பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். கெர்னலின் சொந்த டிரைவரும் அதே சிப்புக்கு இருந்தால் இரண்டும் மோதும், ஒன்றை பிளாக்லிஸ்ட் செய்ய (ஏறாமல் தடுக்க) வேண்டும்.

கம்பைல் வெற்றி, ஆனால் டிரைவரை ஏற்ற மோட்ப்ரோப் செய்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்கிறதா? செக்யூர் பூட் (பதிவான சாவியால் கையொப்பமிடாத டிரைவரை ஏற்ற விடாத பாதுகாப்பு) ஆனில் இருக்கிறது. உபுண்டு இந்த நிறுவலின் போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வரும், அதில் என்ரோல் எம்ஓகே-வைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்தத் திரை சில நொடிதான் காத்திருக்கும். தவறவிட்டால் சாவியை மறுபடி பதிவுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இணைப்பது எளிது. ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளையில் எதுவும் பிளாக் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட் என்று அடித்தால் அருகில் உள்ள வைஃபை பட்டியல் வரும். பிறகு என்எம்சிஎல்ஐ --ஆஸ்க் டிவைஸ் வைஃபை கனெக்ட், அதன்பின் ரூட்டரின் பெயர். --ஆஸ்க் சேர்த்தால் கடவுச்சொல்லைத் தனியாகக் கேட்கும். கட்டளை வரலாற்றில் அது பதிந்து கிடக்காது. கணினி டாங்கிளுக்குத் தரும் இடைமுகத்தின் பெயர் டபிள்யூஎல்எக்ஸ் என்று தொடங்கி நீளமாக இருந்தால் பதற வேண்டாம், பின்னால் ஒட்டியிருப்பது மேக் முகவரியின் (கருவியின் அடையாள எண்) 12 இலக்கம்.

ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் பட்டியலில் இல்லையென்றால், சிப் அந்த அலைவரிசையை அறியுமா என்று முதலில் பாருங்கள். எம்டி7601யு, ஆர்டிஎல்8188இயுஎஸ் இரண்டுமே 2.4 மட்டும்தான். எந்த அமைப்பை மாற்றியும் பலனில்லை.

இணைப்பு வந்து வந்து அறுந்தால் முதல் சந்தேகம் மின்சேமிப்பு மீது. சுடோவோடு ஐடபிள்யூ டெவ், இடைமுகத்தின் பெயர், செட் பவர்_சேவ் ஆஃப் என்று அடித்துச் சோதியுங்கள். சரியானால் நிரந்தரமாக்க, நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி அடைவில் வைஃபை.பவர்சேவ் மதிப்பை 3-லிருந்து 2 ஆக்குங்கள். 3 என்றால் ஆன், 2 என்றால் ஆஃப்.

இரண்டாம் சந்தேகம் யுஎஸ்பி 3 துளை. அதன் தரவுப் போக்குவரத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கொட்டும் என்று இன்டெல் 2012-லேயே ஆவணமாக வெளியிட்டது. டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் ஓடினால் வேகம் படுத்துவிடும். 2.4 மட்டும் அறிந்த டாங்கிளை யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள். இரண்டையும் அறிந்ததை ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் கணினியை விட்டுத் தள்ளி வையுங்கள். டெஸ்க்டாப்பில் இன்னொரு லாபமும் உண்டு, கேபினெட்டின் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆன்டெனா வெளியே வந்துவிடும்.