அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்டும் கத்திரி வெயிலும்

போன மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோனான டி.எஸ்.எச். 2.1, குறையில்லை. தைராய்டு சுரக்கும் ஹார்மோன் டி4; அதில் ஃப்ரீ டி4 என்ற பகுதி மட்டும் 2.9. அந்த லேபின் கணக்குப்படி 1.8-க்கு மேல் போகக் கூடாது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "தைராய்டு மாத்திரையை 75 மைக்ரோகிராமிலிருந்து 50 ஆக்கிடலாம்" என்றார். பன்னிரண்டு வருடமாக அந்த 75-இல்தான் அம்மா நன்றாக இருக்கிறார். படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடையும் குறையவில்லை. குறைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அப்புறம் காலில் ரத்தம் கட்டி, காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வயிற்றில் எனாக்ஸாபரின் ஊசி. இது ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை மருந்து. நடக்க முடியாததால் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். லேபிலிருந்து வந்த தம்பி ஏழெட்டு வீடு முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வரும்போது மணி 11. ட்யூப்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினார். ஐஸ் பேக் எதுவும் இல்லை. சாம்பிள் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது மாலையில்தான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு தைராய்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "அன்னைக்குக் காலையில மாத்திரை போட்டுட்டு ரத்தம் கொடுத்தாங்களா? வேற என்ன ஊசி போகுது? எத்தனை மணிக்குப் போட்டீங்க?" மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சற்று ஏறித் தெரியுமாம். அம்மா அன்று போடவில்லை. ஊசி என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். ரத்தத்தில் உள்ள டி4-இல் ஏறக்குறைய எல்லாமே புரதங்களில் ஏறி உட்கார்ந்திருக்கும், டவுன் பஸ்ஸில் சீட் பிடித்த மாதிரி. பத்தாயிரத்தில் இரண்டு மூன்றுதான் தனியாக நடமாடும். அதுதான் ஃப்ரீ டி4. சூடு ஏறினால் இந்தப் பிடி தளரும், குளிர்ந்தால் இறுகும். அதனால்தான் இந்தச் சோதனையை உடம்புச் சூடான 37 டிகிரியில் செய்கிறார்கள். வெறுமனே ஃபிரிட்ஜில் இருந்த சாம்பிளாக இருந்தால் மறுபடி 37-க்கு வந்ததும் பிடி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அம்மா விஷயத்தில் நடந்தது வேறு. ஹெப்பாரின் ஊசி போட்டால் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் லைப்பேஸ் என்ற நொதி ரத்தத்துக்குள் வந்துவிடும். ரத்தத்தை ட்யூபில் எடுத்த பிறகும் அது வேலையை நிறுத்தாது. கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். அந்த அமிலம் போய் டி4-ஐ சீட்டிலிருந்து எழுப்பிவிடும். ட்யூப் சூட்டில் கிடக்கும் நேரம் கூடக் கூட இது அதிகமாகும். அப்படிச் சேர்ந்த அமிலம், பின்னால் குளிர வைத்தாலும் மறையாது. ஆபரேஷனுக்குப் பின் அம்மாவுக்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவு, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம். இரண்டுமே இதைப் பெரிதாக்கும். ஆக, ஃப்ரீ டி4 ஏறியது அம்மாவின் உடம்பில் அல்ல, பெரும்பாலும் அந்த ட்யூபுக்குள். டி.எஸ்.எச். இந்தப் புரதங்களில் உட்காருவதில்லை, அதனால் அது தப்பித்தது.

"மாத்திரையைத் தொடாதீங்க. ஊசி போட்டுப் பத்து மணி நேரமாவது ஆகட்டும், அப்புறம் எடுங்க. மொத்த டி4-ம் சேர்த்துப் பாருங்க" என்றார்.

இந்த முறை மஞ்சக்குப்பத்தில், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் லேபைத் தேடிப் பிடித்தேன். போனிலேயே ஊசி விஷயத்தைச் சொன்னேன். காலை ஊசிக்கு முன்னால், எட்டு மணிக்கே வந்தார்கள். எங்கள் வீடுதான் முதல் வீடு. கையில் தெர்மோகோல் பெட்டி. "நேரா ஐஸ் மேல வைக்க மாட்டோம்கா, ஐஸா உறைஞ்சா ரத்த அணு உடைஞ்சு போயிடும்" என்று ஐஸ் பேக்குக்கும் ட்யூபுக்கும் நடுவில் துணி வைத்தார் அந்தப் பெண். நேராக லேபுக்குப் போய், ட்யூபில் ரத்தம் கட்டியானதும் சுற்றி, சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டதாக ஒன்பதரைக்கு எனக்கு போன் செய்தார். அந்த போனுக்காக அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

மறுநாள் ஃப்ரீ டி4 1.5. மொத்த டி4-ம் அளவுக்குள் இருந்தது. ஊசியெல்லாம் நின்று ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தோம்: டி.எஸ்.எச். 2.3, ஃப்ரீ டி4 1.3. அம்மா இன்றும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் அதே 75-ஐத்தான் போட்டுக்கொள்கிறார்.