அம்மாவுக்காக மாற்றிய லடாக் திட்டம்

வெள்ளவத்தை வீட்டு மேசையில் லடாக் வரைபடம் விரிந்து கிடக்கிறது. சுருளாமல் இருக்க ஒரு மூலையில் அம்மாவின் பிரஷர் குளிசைப் பெட்டி.

எங்கள் நாட்டின் உச்சி பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500. கடல்மட்டத்தில் வாழும் நாங்கள் டெல்லியில் விமானம் ஏறி நேரே அங்கே இறங்கப்போகிறோம். அதனால் உடம்பு அந்த உயரத்துக்குப் பழக முதல் இரண்டு நாளும் ஓய்வு, நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். தங்கச்சிக்குக் கோபம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் கார்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு. கணவாய் 5,359 மீற்றர்; மூச்சில் கிடைக்கும் ஒக்சிஜன் கொழும்பில் கிடைப்பதில் பாதியளவுதான். படம் எடுத்ததும் இறங்கிவிட வேண்டும். இரவு நுப்ராவில் உள்ள திஸ்கித் ஊரில், அது லேயை விடத் தாழ்வு.

பாங்கொங் ஏரிதான் மனதைப் பிசைந்தது. கரையில் தங்கி விடியலைப் பார்ப்பது என் பல வருட ஆசை. ஆனால் அது 4,200 மீற்றருக்கும் மேல். தூங்கும் உயரத்தைத் திடீரென்று அவ்வளவு கூட்டக்கூடாது. லேயில் இருந்து விடியமுன் புறப்பட்டு, இரவே திரும்புகிறோம். கூடாரத்துக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

"என்னால உன்ட ஆசை கெடுதா பிள்ளை?" என்று அம்மா கேட்டா. இல்லையம்மா, அந்த நீலத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

நாளைக்கு டொக்டரிடம் போய்விட்டு, அனுமதிப் பத்திரத்துக்காகப் பாஸ்போர்ட் பிரதிகளை முகவருக்கு அனுப்ப வேண்டும்.