ஒன்பதேகால் டாலர் போன்

சனிக்கிழமை காலை வேளைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்திருப்பேன். சம்பளம் கிடையாது, ஒரு காபி கூடக் கிடையாது. வரி, மெடிகெய்ட் என்ற ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு, ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவி என்று எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் மிரண்டு போகிறவர்களுக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. நம்மவர்களும் வருவார்கள். அமெரிக்கா என்றால் எல்லாரும் ஐ.டி.யில் இருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். அண்ணன் ஸ்பான்சர் செய்து வந்த குடும்பம், பெட்ரோல் பங்க்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற அப்பா, டோனட் கடையில் நிற்கிற அம்மா, இவர்களெல்லாம் நிறையவே இருக்கிறார்கள்.

போன வருடம் அப்படி ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது, கம்யூனிட்டி காலேஜில் இரண்டாம் வருடம். மேசையில் வைத்த போனைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்தது. திரையில் சிலந்தி வலை மாதிரி விரிசல். அதைவிடப் பெரிய தொல்லை, வலது கீழ் மூலையைத் தொட்டால் போன் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கல்லூரித் தளத்தில் நுழைய ட்யூவோ என்று ஒரு செயலி, 'நீதானா?' என்று போனுக்குக் கேள்வி அனுப்பும், பச்சைப் பொத்தானைத் தொட்டு ஆமாம் என்று சொல்ல வேண்டும். அந்தப் பச்சைப் பொத்தான் இருப்பது சரியாக அந்த மூலையில். போனைத் தலைகீழாகப் பிடித்து, திருப்பி, ஏதேதோ வித்தை காட்டித்தான் தினமும் பாடத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஸ்டூடன்ட்ஸுக்கு கவர்ன்மென்ட் ஃப்ரீ போன் தருதாமே. பெல் கிராண்ட் இருந்தா போதும்னு போட்டிருக்கு. எனக்குத்தான் பெல் கிராண்ட் இருக்கே!"

பெல் கிராண்ட் என்பது வசதியில்லாத மாணவர்களுக்கு அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத படிப்பு உதவி. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் இல்லைதான். அவள் படித்தது பொய்யும் இல்லை, பழைய செய்தி. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் அதே பழைய செய்தியைப் படித்துவிட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது என் மேசைக்கு வருகிறார்கள்.

நடந்தது இதுதான். கொரோனா காலத்தில், 2021 மே மாதம், இணையக் கட்டணத்துக்கு உதவ ஒரு அவசரகாலத் திட்டம் வந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அது ஏ.சி.பி. என்று பெயர் மாறி, மாதம் 30 டாலர் தள்ளுபடியாகத் தொடர்ந்தது. அதில் பெல் கிராண்ட் வாங்கும் கல்லூரி மாணவர்களுக்கு வாசல் திறந்திருந்தது. பள்ளியில் இலவச மதிய உணவு வாங்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் திறந்திருந்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் அதில் இருந்தன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மேற்கொண்டு பணம் ஒதுக்கவில்லை, 2024 ஜூன் 1-ஆம் தேதியோடு கடையைச் சாத்திவிட்டார்கள். திட்டம் செத்துப் போனாலும் அதைப் பற்றி எழுதிய பக்கங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பாதிக்கு மேல் விளம்பரத்துக்காக எழுதியவை, யார் திருத்தப் போகிறார்கள்?

மிச்சம் இருப்பது, ஏழை வீடுகளின் போன் கட்டணத்துக்கு உதவும் லைஃப்லைன் திட்டம் மட்டும்தான். 'ஒபாமா போன்' என்று ஊரெல்லாம் கிண்டலடித்தார்களே, அதுதான். ஒபாமாவுக்கும் அது தொடங்கியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1985-இல், ரீகன் ஆட்சியில், ஏழை வீடுகளின் தரைவழி போன் துண்டிக்கப்படாமல் இருக்க ஆரம்பித்தது. செல்போனுக்கு அது நகர்ந்ததே புஷ் காலத்தில். 2016-இல் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. இணையத்தையும் சேர்த்தது.

இதில் ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். அரசாங்கம் யாருக்கும் போன் வாங்கித் தருவதில்லை. அரசாங்கக் கணக்கில் இருப்பது மாதம் 9.25 டாலர், அவ்வளவுதான். பழங்குடி நிலங்களில் வசிப்பவர்களுக்கு 34.25 வரை போகும், நம் விஷயத்துக்கு அது வேண்டாம். அந்த ஒன்பதேகால் டாலர் உங்கள் கைக்கு வராது, நீங்கள் சேர்ந்திருக்கும் போன் கம்பெனிக்குப் போகும். அந்தப் பணமும் நேராக வரிப்பணம் இல்லை, நம் எல்லார் போன் பில்லிலும் கீழே பொடி எழுத்தில் யுனிவர்சல் சர்வீஸ் என்று ஒரு வரி இருக்குமே, அங்கிருந்து வருகிறது. மாதாமாதம் அது வரும் என்ற தைரியத்தில் சில கம்பெனிகள் மலிவான ஒரு ஆண்ட்ராய்டு போனையும் சேர்த்துக் கொடுக்கின்றன. கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் ஒரு கம்பெனி போன் தரும், இன்னொன்று சிம் மட்டும் தரும், மற்றொன்று போனுக்கு இருபது முப்பது டாலர் கேட்கும். 'கவர்ன்மென்ட் இலவச ஐபோன்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள்.

இரண்டாவது, கொஞ்சம் கசப்பான விஷயம்: மாணவர் என்ற அடையாளம் இந்தத் திட்டத்தில் செல்லாக்காசு. கல்லூரி ஐ.டி., பெல் கிராண்ட் கடிதம், மார்க் ஷீட் எதைக் காட்டினாலும் நடக்காது. பள்ளி மதிய உணவு ஒரு காலத்தில் லைஃப்லைன் தகுதிப் பட்டியலில் இருந்தது, 2016-இல் விதிகளை மாற்றியபோது அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கேட்பதெல்லாம் ஃபுட் ஸ்டாம்ப், மெடிகெய்ட், வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை, அரசு வீட்டு உதவி, முன்னாள் படைவீரர் ஓய்வூதியம், இவற்றில் ஒன்று இருக்கிறதா என்பதுதான். எதுவும் இல்லையென்றால் வருமானக் கணக்கு: ஏழ்மைக்கோட்டில் 135 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு வருடம் சுமார் 21,128 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு சுமார் 43,403.

ஃபுட் ஸ்டாம்ப் எடுத்துவிடலாமே என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 18 முதல் 49 வயதுக்குள், பாதி நேரமோ அதற்கு மேலோ படிக்கிறவர்களுக்கு பொதுவாகக் கிடைக்காது, வாரம் 20 மணி நேரம் வேலை, ஒர்க் ஸ்டடி என்ற அரசு உதவியுடன் கூடிய மாணவர் வேலை, சின்னக் குழந்தை வளர்ப்பது போன்ற விதிவிலக்கு ஏதாவது இருந்தால்தான் உண்டு. ஆக, ஏழை மாணவர் என்பதாலேயே ஃபுட் ஸ்டாம்ப் இல்லை, ஃபுட் ஸ்டாம்ப் இல்லாததால் அந்த வழியில் போனும் இல்லை. இதை யோசித்தவர் யாரோ தெரியாது, ஒரு நாளாவது பகுதி நேர வேலையும் படிப்புமாக ஓடியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். அதனால் பெரும்பாலான மாணவர்களுக்கு உண்மையான வழி மெடிகெய்ட்தான்.

இந்தப் பெண்ணிடம் மெடிகெய்ட் இருந்தது. அப்பாடா என்று படிவத்தைத் திறந்தேன். "வீட்டில் வேறு யாருக்காவது லைஃப்லைன் இருக்கா?" என்று கேட்டேன். "அம்மாவோட போனே அதுதான் ஆன்ட்டி." போச்சு! ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான். ஆளுக்கு ஒன்று கிடையாது. அம்மாவின் போனைப் பிடுங்கி மகளுக்குக் கொடுக்கவா முடியும்? கடைசி நேரத்தில் ஷிஃப்டை மாற்றி மேனேஜர் கூப்பிடுவதே அந்த எண்ணில்தான்.

அன்று வேறு எதுவும் செய்ய முடியவில்லை. கல்லூரி நூலகத்தில் லேப்டாப்பும் ஹாட்ஸ்பாட்டும் இரவல் தருவார்கள், கேட்டுப் பார் என்றேன். ட்யூவோ தொல்லைக்கு, கல்லூரியின் ஐ.டி. உதவி மேசையில் கேட்டால் சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கருவி தருகிற கல்லூரிகளும் உண்டு, அதில் வரும் எண்ணைத் தட்டினால் போதும், போனே வேண்டாம். இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை, நாமாகப் போய்க் கேட்டால்தான் தெரியும். அப்புறம் நிதி உதவி அலுவலகம். படிப்புச் செலவுக் கணக்கில் கணினி வாங்கும் செலவைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க முடியும், ரசீதோடு போனால் மரியாதையாகவே கேட்பார்கள். போன் என்று கேட்காமல் கணினி என்று கேளுங்கள், பிறகு மிச்சமாகும் காசில் போன் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் அவள் மறுபடி வந்தாள். அதே மாநிலத்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறுகிறாள், மூன்று பெண்களோடு சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட், பகுதி நேர வேலையும் கிடைத்துவிட்டது. கதையே மாறிவிட்டது! லைஃப்லைன் கணக்கில் குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் இருந்து வரவு செலவையும் பகிர்ந்துகொள்பவர்கள். அம்மா வேறு ஊர், இவள் வேறு ஊர். அறைத்தோழிகள் ஒரே முகவரிதான், ஆனால் அவரவர் காசு அவரவருக்கு, அதனால் அவர்களும் தனித்தனிக் குடும்பம். அந்த முகவரியில் ஏற்கெனவே ஒருத்திக்கு லைஃப்லைன் இருந்தது, அதனால் கூடுதலாக ஒரு படிவம் வந்தது, நாங்கள் செலவைப் பகிர்வதில்லை என்று உறுதி சொல்ல வேண்டும். உண்மையாகவே பகிரவில்லை என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள், பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அதிலேயே போட்டிருக்கிறது.

விண்ணப்பம் லைஃப்லைன் சப்போர்ட் டாட் ஓ.ஆர்.ஜி. தளத்தில், இலவசம். தபாலிலும் அனுப்பலாம், கம்பெனி மூலமும் போடலாம். டெக்சஸ், ஓரிகன் போன்ற சில மாநிலங்களில் நடைமுறை வேறு, அங்கே இருப்பவர்கள் தங்கள் மாநிலத் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, எஸ்.எஸ்.என். என்ற சமூகப் பாதுகாப்பு எண்ணில் கடைசி நான்கு எண், முகவரி, அவ்வளவுதான். கணினியே மெடிகெய்ட் பதிவோடு ஒத்துப் பார்த்து, சில நிமிடத்தில் சரி என்று சொல்லிவிடும்.

நம்மவர்களுக்குச் சொல்லாது. ஏன் என்று கேட்கிறீர்களா? இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும், எஸ்.எஸ்.என். அட்டையிலும் அப்படியே, மெடிகெய்ட் பதிவு போட்ட பெண்மணி மட்டும் அப்பா பெயரை நடுப்பெயர் என்று நினைத்து ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, பெண்ணின் பெயரையே இரண்டாக வெட்டி முன்னும் பின்னும் போட்டிருப்பார். இவளுக்கும் அதேதான். இரண்டு முறை தட்டிவிட்டது. மூன்றாவது முறை எஸ்.எஸ்.என். அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைப் போட்டு, அந்த அட்டையையும் மாநில ஐ.டி.யையும் மெடிகெய்ட் கடிதத்தையும் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி படமெடுத்து ஏற்றினோம். கடிதம் கடந்த 12 மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும், திட்டத்தின் பெயரும் உங்கள் பெயரும் அதில் தெரிய வேண்டும். வருமானத்தை வைத்துப் போடுகிறவர்கள் போன வருட வரிக் கணக்கையோ தொடர்ந்து மூன்று மாதச் சம்பளச் சீட்டையோ ஏற்றலாம். சில நாளில் ஒப்புதல் வந்தது.

ஒப்புதல் வந்தால் போன் வந்தது என்று அர்த்தமில்லை. 90 நாளுக்குள் ஒரு கம்பெனியில் நாமே போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பம். எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்டால், முதலில் உங்கள் அறையில் எந்த நெட்வொர்க் சிக்னல் வருகிறது என்று பாருங்கள். அஷ்யூரன்ஸ் வயர்லெஸ் டி-மொபைல் நெட்வொர்க்கில் ஓடும், சேஃப்லிங்க் வெரைசான் வீட்டுப் பிள்ளை. இன்னும் பல கம்பெனிகள் இருக்கின்றன, தளத்திலேயே அஞ்சல் எண் போட்டுத் தேடலாம். ஃபுட் ஸ்டாம்ப் அலுவலக வாசலில் குடை விரித்து உட்கார்ந்து டேப்லெட்டில் எஸ்.எஸ்.என். கேட்கிற ஆட்களிடம் நான் யாரையும் அனுப்புவதில்லை. எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, ஆனால் அடுத்த வாரம் ஒரு பிரச்சினை என்றால் அந்தக் குடை அங்கே இருக்காது.

இலவசமாக வருகிற போனைப் பற்றி என் அபிப்பிராயம், முடிந்தால் வேண்டாம் என்பதுதான். போன வருடம் ஒரு பையனுக்கு வந்த போனில் கல்லூரிச் செயலி, ட்யூவோ, வாட்ஸ்அப் மூன்றையும் போட்டதுமே இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. வீட்டு டிராயரில் யாருடையதாவது பழைய போன் தூங்கிக்கொண்டிருக்கும், லாக் இல்லாத, அதாவது எந்தக் கம்பெனி சிம்மையும் ஏற்கிற போனாக இருந்தால் அதை எடுத்து, சிம் மட்டும் வாங்கிப் போடுங்கள். இவளுக்கு மாமாவின் மூன்று வருடப் பழைய போன் கிடைத்தது. திட்டத்தில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, இணையம் என்றால் மாதம் 4.5 ஜிபி, பேச்சு என்றால் 1000 நிமிடம். ட்யூவோவுக்கும் மின்னஞ்சலுக்கும் தாராளம். வகுப்பு வீடியோ பார்த்தால் பத்து நாளில் காலி, அதைக் கல்லூரி வைஃபையில்தான் பார்க்க வேண்டும்.

சிம் பழைய முகவரிக்குப் போய், அம்மா பார்சலில் அனுப்பி, அதெல்லாம் பெரிய கதை, விட்டுவிடுகிறேன்.

ஆனால் டிசம்பரில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். செமஸ்டர் முடிந்து பாட்டியைப் பார்க்க ஊருக்குப் போனாள். அங்கே உள்ளூர் சிம், இங்குள்ள சிம் ஒரு கவரில். திரும்பி வந்து போட்டால் 'நோ சர்வீஸ்'. மாதக் கட்டணம் கட்டாமல் லைஃப்லைனில் இருப்பவர் 30 நாள் போனைத் தொடவில்லை என்றால் கம்பெனி எச்சரிக்கை அனுப்ப வேண்டும், பிறகு 15 நாள் கெடு, அப்புறம் வெட்டிவிடலாம். எச்சரிக்கை வந்தது, கவருக்குள் இருந்த அதே எண்ணுக்கு! மறுபடி விண்ணப்பம், மறுபடி என் மேசை. இந்தத் தடவை பெயர்ப் பிரச்சினை வராமல் ஒரே நாளில் முடிந்தது, அதுவரை சந்தோஷம். இது போக வருடத்துக்கு ஒருமுறை இன்னும் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கேட்டு கடிதம் வந்தால் 60 நாளுக்குள் பதில் போட வேண்டும். அறை மாறுகிற பிள்ளைகள் முகவரியை மாற்றாமல் விட்டு இதில்தான் வரிசையாகக் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது அவள் போனில் மாதம் முதல் தேதிக்கு ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறாள். லீவிலும் மறக்காமல் அந்த சிம்மைப் போட்டு அம்மாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். 'சாப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை போதும், கணக்கில் சேர்ந்துவிடும்.